சட்டையில் ஒரு விண்மீன், தறியில் ஒரு நிலவுப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் பணிபுரிகிறேன். மலைத்தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதுபோல வெள்ளைக் கோடுகள் கொண்ட ஒரு டிசைனைக் கறுப்பு டி-ஷர்ட்டில் அடிக்கடி அச்சிடுகிறோம். அது என்ன படம் என்று கேட்டால் எங்கள் பட்டறையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விளக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: நீங்கள் அச்சிடுவது ஒரு விண்மீனிலிருந்து வந்த வானொலித் துடிப்புகளின் வரைபடம். அதில் கற்பனை ஏதும் இல்லை. ஒவ்வொரு கோடும் ஓர் அளவீடு.

1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், தாமும் உடனுழைத்துக் கம்பி கட்டி எழுப்பிய வானொலித் தொலைநோக்கியிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு வந்து விழுந்த பதிவுத்தாளைக் கண்ணாலேயே பார்த்து ஆராய்ந்துவந்தார். அந்தத் தாளில், பூமியிலிருந்து வரும் இடையூறாகவும் தெரியாத, வழக்கமான விண்பொருளாகவும் தெரியாத ஒரு சிறு கிறுக்கல், வானத்தின் ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வருவது அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவுசெய்தபோது, ஏறத்தாழ 1.337 விநாடிக்கு ஒருமுறை பிசகாமல் துடிக்கும் அலை அது என்று தெரிந்தது. பெரிய விண்மீன் ஒன்று வெடித்து அழிந்தபின் எஞ்சிய மிக அடர்ந்த உட்கரு தன்னைத்தானே சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கதிர் பூமியைத் தொட்டுச் செல்கிறது. அவ்வகைப் பொருள்களைப் பல்சர் என்கிறோம். மனிதர் கண்டறிந்த முதல் பல்சர் இதுதான்; இதன் பெயர் சி.பி. 1919. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1974இல் நோபல் பரிசு பெற்றவர் பெல்லின் வழிகாட்டிப் பேராசிரியர் ஆன்டனி ஹியூவிஷ், பெல் இல்லை.

படத்தை வரைந்தவர் வேறொருவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ஹெரால்ட் கிராஃப்ட், புவேர்ட்டோ ரிக்கோவில் அரசிபோ என்னுமிடத்தில் இருந்த 305 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் அதே பல்சரைப் பதிவுசெய்து, அடுத்தடுத்து வந்த துடிப்புகளைத் துடிப்புக்கு ஒரு கோடாகக் கணினியைக் கொண்டு அடுக்கி வரைந்தார். முதலில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. முன்னால் உள்ள மேடு உயரமாக இருந்தால் பின்னால் உள்ள கோட்டை அந்த இடத்தில் மறைத்துவிடும்படி அவர் நிரலைத் திருத்தி எழுதினார். உங்கள் சட்டையில் மலைத்தொடர் தெரிவதற்கு அந்த ஒரு திருத்தமே காரணம். அப்படம் 1970இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டிலும், பிறகு ஓர் அறிவியல் இதழிலும், 1977இல் கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்திலும் வெளியாயிற்று. கலைக்களஞ்சியத்தில் அதைக் கண்டெடுத்தவர், மான்செஸ்டர் நகரின் ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் சம்னர். அக்குழுவின் 'அன்னோன் பிளஷர்ஸ்' இசைத்தொகுப்பு 1979இல் வெளிவந்தபோது, உறையை வடிவமைத்த பீட்டர் சாவில், வெள்ளைத்தாளில் கறுப்புக் கோடாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளைக் கோடாக மாற்றினார். முன்னட்டையில் குழுவின் பெயரைக்கூட அவர் இடவில்லை. பெயரில்லாத அந்த உறைதான் பிறகு சட்டையாகி உலகெங்கும் பரவியது.

கிராஃப்ட் தமது வரைபடம் இசைத்தட்டில் ஏறியதை வெகுகாலம் அறியாமலே இருந்தார். எனக்கு ஒரு விருப்பம் உண்டு. சட்டையின் கழுத்துப் பட்டைக்குக் கீழே, அளவு குறிக்கும் இடத்தில், பல்சரின் பெயரையும் பெல், கிராஃப்ட் ஆகிய இருவரின் பெயரையும் ஒரே வரியில் உங்கள் பட்டறை அச்சிடலாம். கூடுதலாக ஒரு சிறு ஸ்கிரீன் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெசவு. நான் கணினி அறிவியல் படிக்கிறேன். கணினி ஜக்கார்டு தறியிலிருந்து பிறந்தது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்

பதில்: இருவருக்கும் பங்குண்டு. தறிமேட்டில் உட்கார்ந்து கேட்கத்தக்க கதை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வீட்டுத் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கும் அட்டைகளைப் பாருங்கள். ஓர் அட்டை என்பது ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒருமுறை ஓடுவதற்கான கட்டளை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது. அதனோடு இணைந்த கொக்கி தன் இடத்திலேயே நின்று, அதற்குரிய பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படுகிறது, கொக்கி விலகுகிறது, நூல் கீழேயே கிடக்கிறது. துளை உண்டு அல்லது இல்லை, நூல் ஏறும் அல்லது ஏறாது என்ற இரண்டே நிலைகளில் மயிலும் அன்னமும் மாங்காயும் வந்துவிடுகின்றன. இதற்கு முன் காஞ்சியில் 'அடை' என்ற முறையில் நூல்களைக் கட்டிவைத்து, உதவியாள் ஒருவர் அவற்றைத் தூக்கிக்கொடுக்க நெய்தார்கள். பிரான்சின் லியோன் நகரிலும் சிறுவர்கள் தறியருகில் இருந்து கயிறிழுக்கும் அதே வழக்கந்தான் இருந்தது. துளையிட்ட தாளைப் பயன்படுத்தும் யோசனை அங்கே 1725இலேயே தோன்றிப் பலர் கைமாறி வளர்ந்தது. அதை நாள்முழுதும் ஓடும் கருவியாக 1804இல் நிலைநிறுத்தியவர் ஜோசப் மரி ஜக்கார்டு.

1839இல் லியோன் நெசவாளர்கள் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். ஏறத்தாழ 24,000 அட்டைகள் கொண்டு நெய்யப்பட்ட அதைப் பார்த்தவர்கள் செதுக்கோவியம் என்றே எண்ணினார்கள். கணிப்பொறியைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதியை வாங்கி, லண்டனில் தம் வீட்டுக்கு வரும் விருந்தினருக்குக் காட்டிவந்தார். அவர் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்குக் கட்டளை தர அதே அட்டைகளையே தேர்ந்தெடுத்தார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதைப்போல இப்பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்று 1843இல் கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் அப்பொறி பற்றிய தம் குறிப்புகளில் எழுதினார். இசைச் சுரங்களுக்கு இடையிலான உறவுகளை விதிகளாக்க முடிந்தால் இப்பொறி இசையமைக்கவும் கூடும் என்பதும் அவர் அக்குறிப்புகளில் எழுதியதே.

ஆயினும் பாபேஜின் அந்தப் பொறி அவர் காலத்தில் முழுமையாகக் கட்டப்படவில்லை. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துளையட்டையைப் பயன்படுத்திய ஹெர்மன் ஹோலரித், ரயிலில் பரிசோதகர் பயணச்சீட்டில் துளையிட்டதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் தமக்கு வந்ததாக நினைவுகூர்ந்தார். தறி கணக்குப் போடுவதில்லை. ஒரு விடையைப் பார்த்து அடுத்த அட்டையைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஆகவே பிறப்பு என்று சொல்வது மிகை. கட்டளையைக் கருவியிலிருந்து பிரித்துத் தனியே சேமிக்கலாம் என்ற பாடத்தைக் கணினி தறியிடம் கற்றது என்பதே சரி. அப்பாவின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

அவரிடம் நீங்கள் சொல்லவேண்டிய கதை வேறொன்று இருக்கிறது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியில் இருந்த நிரல் உண்மையாகவே கையால் நெய்யப்பட்டது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் இருந்த ரேதியான் நிறுவனத் தொழிற்சாலையில், பெண்கள் மெல்லிய செப்புக் கம்பியைக் கோத்த ஊசியைச் சிறு காந்த வளையங்களினூடே செலுத்தினார்கள். கம்பி வளையத்தின் உள்ளே சென்றால் 1. வளையத்தை ஒதுக்கிவிட்டுச் சென்றால் 0. அடுத்து எந்த வளையத்தில் ஊசி நுழையவேண்டும் என்பதைக் காட்டும் இயந்திரத்தை இயக்கியது, நீங்கள் எதிர்பார்க்கலாம், துளையிட்ட நாடா. இப்படிக் கோத்த நினைவகத்தில் 36,864 'சொற்கள்', அதாவது கணினி ஒருமுறையில் கையாளும் தரவுத் துண்டுகள், அடங்கின. நெய்து முடித்தபின் நிரலில் ஒரு பிழை தெரியவந்தால், அதை மாற்ற அந்தத் தொகுதியையே மறுபடி நெய்யவேண்டும். பொறியாளர்கள் இதைப் 'பாட்டியம்மா நினைவகம்' என்று செல்லமாக அழைத்தார்கள். அந்தப் பெயர் எனக்கு உவப்பாயில்லை. ஓர் இழை இடம் மாறினால் விண்கலமே வழி தவறக்கூடிய வேலையைச் செய்தவர்களின் திறமை அந்தச் செல்லத்தில் சிறுத்துப்போகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. 1994இல் இன்டெல் நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில், அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான நவஹோ இனத்தைச் சேர்ந்த மாரிலூ ஷுல்ட்ஸ் என்ற நெசவாளர் பென்டியம் சிப்பின் உருவத்தைக் கம்பளி நூலால் விரிப்பாக நெய்துகொடுத்தார்.

கேள்வி: ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகைதான் வை-ஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வலம் வருகிறது. நம்பலாமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: வை-ஃபையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது இன்னும் வியப்புக்குரியது. அதை உள்ளபடி சொன்னாலே போதும்.

வியன்னாவில் பிறந்த ஹெடி லமாரின் முதல் கணவர் ஆயுத உற்பத்தியாளர். அந்த மணவாழ்வை விட்டு வெளியேறி அமெரிக்காவில் திரைத்தாரகையானவர், இரண்டாம் உலகப் போரின்போது ஜார்ஜ் ஆந்தைல் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ஒரு கருவியைத் திட்டமிட்டார். கடலுக்கடியில் பாயும் டார்பிடோவை வானொலி அலையால் வழிநடத்தினால், எதிரி அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி அதைத் திசைதிருப்பிவிடலாம். அலைவரிசையை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருந்தால் எதிரி எதைத் தடுப்பான்? ஆனால் கப்பலும் டார்பிடோவும் ஒரே கணத்தில், ஒரே வரிசையில் மாறவேண்டும். இங்கேதான் இசை வந்தது. துளையிட்ட தாள்சுருளை மாட்டினால் தானாகவே வாசிக்கும் பியானோக்கள் அப்போது வீடுகளில் புழங்கின. பதினாறு தானியங்கிப் பியானோக்கள் ஒத்திசைந்து வாசிக்கும்படி ஒரு படைப்பை எழுதி, அவற்றை ஒன்றாக ஓட்ட முடியாமல் 1920களில் திண்டாடியவர் ஆந்தைல். கப்பலில் ஒன்றும் டார்பிடோவில் ஒன்றுமாக ஒரே மாதிரியான இரண்டு சுருள்கள் ஒரே வேகத்தில் ஓடி அலைவரிசையை மாற்றும் என்பதே அவர்கள் திட்டம். பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை அலைவரிசைகளை, அதாவது 88ஐ, காப்புரிமை விண்ணப்பத்திலேயே எழுதினார்கள். 1942 ஆகஸ்ட் 11 அன்று, 2,292,387 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதில் ஹெடியின் பெயர் ஹெடி கீஸ்லர் மார்கி என்று உள்ளது. அமெரிக்கக் கடற்படை போர்க்காலத்தில் அதைப் பயன்படுத்தவில்லை.

அலைவரிசை தாவும் யோசனை இவர்களுக்கு முன்பும் சிலரிடம் இருந்தது. இன்று உங்கள் காதில் மாட்டும் புளூடூத் கருவி 79 அலைவரிசைகளுக்குள் நொடிக்கு 1,600 முறை தாவும் முறையைக் கொண்டது; வீட்டில் உள்ள இன்றைய வை-ஃபை பெரும்பாலும் வேறு முறையில் இயங்குவது. எனவே செய்தியைப் பகிர்வதானால் வை-ஃபை என்பதை நீக்கிவிட்டு, ஆந்தைலின் பெயரைச் சேர்த்துப் பகிருங்கள். 2014இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மன்றம் கௌரவித்தபோதும் இருவரையும் சேர்த்தே கௌரவித்தது. அப்போது இருவரும் உயிருடன் இல்லை.

கேள்வி: ஒரு கவுனால்தான் கூகுளில் படம் தேடும் வசதி வந்தது என்கிறார்களே, இது விளம்பரக் கதையா?
– பேஷன் டிசைன் மாணவர், திருச்சி

பதில்: கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட் 2015இல் தாமே எழுதிய செய்தி இது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிராமி இசை விருது விழாவுக்குப் பாடகி ஜெனிஃபர் லோபஸ், வெர்சாச்சே நிறுவனத்தின் பச்சை நிறப் பட்டு ஷிபான் உடையில் வந்தார். அதைத் தேடியவர்களின் எண்ணிக்கை அதுவரை கூகுள் கண்டிராதது; தேடியவர்களுக்குக் கிடைத்ததோ நீல நிற எழுத்து இணைப்புகள் மட்டுமே. படத் தேடல் 2001 ஜூலையில் அறிமுகமாயிற்று. அதே உடையை அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டொனாடெல்லா வெர்சாச்சே உட்பட வேறு சிலரும் அதற்கு முன் அணிந்து பொது நிகழ்ச்சிகளுக்கு வந்திருந்தார்கள் என்பதை உங்கள் துறையினர் கவனிக்கவேண்டும். துணியும் தையலும் ஒன்றே. மேடையும் அணிந்தவரும் வேறாகும்போது விளைவும் வேறாகிவிடுகிறது.

கேள்வி: அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எங்கள் நாடான இலங்கையில் வாழ்ந்தவர். அவர் பங்களித்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தில் ஹால் என்ற கணினி அணைக்கப்படும்போது ஒரு பழைய பாட்டைப் பாடுகிறது. ஏன் அந்தப் பாட்டு?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மையான கணினி ஒன்று அதே பாட்டை முன்பே பாடியிருந்தது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, கரோல் லாக்பாம் ஆகியோர் ஐ.பி.எம். 704 கணினிக்குக் குரல் உண்டாக்க, மேக்ஸ் மேத்யூஸ் பின்னணி இசைக்கு நிரல் எழுத, 1892ஆம் ஆண்டின் 'டெய்சி பெல்' என்ற பாட்டு அதில் ஒலித்தது. கிளார்க் அந்த ஆய்வகத்துக்குச் சென்றிருந்தபோது அதைக் கேட்டார். 1968இல் வெளியான படத்தில் ஹாலின் நினைவுத் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது, அது தனக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாட்டுக்குத் திரும்புகிறது. கணினிகள் உண்மையிலேயே முதலில் கற்ற பாட்டுகளுள் ஒன்று அது என்று அறிந்து பார்க்கும்போது, அக்காட்சி ஓர் ஆவணமாகவும் ஆகிவிடுகிறது.

கேள்வி: என் மகள் எட்டு ஆண்டுகளாகக் கர்நாடக இசை பயில்கிறாள். அண்மையில் ஒரு ஸ்டுடியோவில் பாடியபோது, சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருளைப் போட்டார்கள். குரல் இயந்திரம்போல் ஆகிவிட்டது. போர்க்காலத்து உளவுக் கருவியிலிருந்து வந்த மென்பொருள் இது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அவள் இதை அனுமதிக்கலாமா?
– தாய், தஞ்சாவூர்

பதில்: இரண்டு கருவிகளின் கதை இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டது. போரிலிருந்து வந்தது வோகோடர். நிலத்தடி எண்ணெய் தேடும் தொழிலிலிருந்து வந்தது ஆட்டோ-டியூன்.

பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி, தொலைபேசிக் கம்பியில் குரலைச் சிக்கனமாக அனுப்புவதற்காக வோகோடரை உருவாக்கினார். குரலை அது பல அலைப்பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையை மட்டும் அனுப்பும். மறுமுனையில் ஒரு ரீங்காரத்தையும் ஒரு சீறலையும் கொண்டு குரலை மறுபடி கட்டியெழுப்பும். 1943 முதல் நேச நாடுகளின் தலைவர்கள் இரகசியமாகப் பேச உதவிய சிக்சாலி என்ற அமைப்பின் உள்ளே இருந்தது இதுவே. ஏறத்தாழ 50 டன் எடையுள்ள அந்த அமைப்பின் லண்டன் முனையம், ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் பேரங்காடியின் நிலவறையில் இருந்தது. குரலை மறைக்கும் சாவியாகப் பயன்பட்டவை இசைத்தட்டுகள்: வெறும் இரைச்சல் பதிந்த ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள், கடலின் இருபுறமும் ஒரே வேகத்தில் சுழன்றன; பயன்படுத்தியபின் அழிக்கப்பட்டன. 1970களில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் போன்ற குழுக்கள், ரீங்காரத்துக்குப் பதிலாகச் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலியைக் கொடுத்து, விசைப்பலகையே பேசுவதுபோல் செய்தார்கள்.

ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், நிலத்துக்குள் அதிர்வை அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியிலிருந்து எண்ணெய் இருப்பைக் கணிக்கும் துறையில் பணியாற்றியவர். ஓர் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி அதனோடேயே ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டறியும் அக்கணிதம் குரலின் சுருதியை அறியவும் உதவும் என்று கண்டு, 1997இல் மென்பொருளாக வெளியிட்டார். மறு ஆண்டே ஷேர் என்ற அமெரிக்கப் பாடகி பாடிய 'பிலீவ்' பாட்டில், சுருதியைத் திருத்தும் வேகத்தை உச்சத்தில் வைத்து, குரல் படிப்படியாகத் தாவும் விளைவை உண்டாக்கினார்கள். அதன் தயாரிப்பாளர்கள் தங்கள் உத்தியை மறைக்க, வோகோடர் கருவியால் செய்ததாக ஓர் இசைத்தொழில்நுட்ப இதழுக்குப் பேட்டியளித்தார்கள். இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பரவ அந்தப் பேட்டிக்கும் பங்குண்டு.

உங்கள் மகளுக்கு வருவோம். இம்மென்பொருள் குரலை அருகில் உள்ள சுரத்துக்கு இழுத்துச் செல்வது. நம் இசையில் ராகத்தின் உயிர், சுரங்களுக்கு இடையே உள்ள அசைவில்தான் இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் என்ற சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்த அசைவையே பிழை என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அதைத் தட்டையாக்கிவிடும். அவள் குரல் இயந்திரமாக ஒலித்ததற்கு அவள் பாட்டில் குறை இருந்தது காரணமல்ல. கமகம் என்னும் அந்த அசைவு நிறைந்த குரலுக்குப் பொருந்தாத அளவில் கருவியை வைத்ததே காரணம். மெட்டே அந்த இயந்திர ஒலியை வேண்டி அமைந்ததாக இருந்தால் அது ஒரு வாத்தியம்போல, தாராளமாகப் பாடட்டும். இல்லையென்றால், திருத்தும் வேகத்தைக் குறைத்து வைக்கும்படியும், பாட்டு முழுதும் பரப்பாமல் நீண்டு நிற்கும் சுரங்களில் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் பயன்படுத்தும்படியும் ஒலிப்பதிவாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். திருத்தாத மூலப்பதிவின் பிரதி ஒன்றையும் அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.